நீர்ப்பூட்டு

வலி வந்தது செவ்வாய்க்கிழமை,
சிப்பித் தொழிற்சாலையின் மூன்றாம் மேசையில்.
வலது தோளில் யாரோ கொக்கி மாட்டி இழுப்பதுபோல.
முப்பத்தோராம் வாரம்; வயிறு மேலேறி அழுத்துகிறது என்று
நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.
மேற்பார்வையாளர் ஒலாவியோவிடம் மூச்சு விடவில்லை.
மாலைக்குள்
விடுவதற்கு மூச்சும் இல்லை.

காஸ்த்ரோ மருத்துவமனையில் எக்ஸ்ரே.
வயிற்றின்மேல் ஈயக் கவசம்,
அவளுக்கு நாங்கள் போர்த்திய முதல் போர்வை,
நங்கூரக் கனம்.
படத்தில் இடப்பக்கம் கிளை கிளையாக ஏதோ இருந்தது.
வலப்பக்கம் கருப்பு. வெறும் கருப்பு.
அதன் ஓரத்தில் சுருண்டு கிடந்த ஈரக் கையுறையைக் காட்டி
"உன் நுரையீரல்" என்றார் டாக்டர்.
இதை வைத்துக்கொண்டா நேற்று
மேட்டுத் தெருவில் விறகு சுமந்தேன்?

விலாவில் குழாய் செருகினார்கள்,
வழக்கத்தைவிட ஓர் எலும்பு மேலே.
உள்ளே இருப்பவள் இடம் கேட்டு எல்லாவற்றையும்
மேலே தள்ளி வைத்திருந்தாள்.
குழாயின் மறுமுனை ஒரு புட்டியில், தண்ணீருக்கு அடியில்.
காற்று வெளியே போகலாம், திரும்பி வர முடியாது.
"சில ஆண்களுக்கும் இப்படி ஒன்று வைக்கலாம்" என்றாள்
நர்ஸ் தொமித்திலா.
சிரித்தேன். புட்டி குபுகுபுவென்று நுரைத்தது.
பெயரிலேயே நுரை இருக்கிறதே, என்ன செய்ய.

ஹெலிகாப்டர் வேண்டாம் என்றார்கள்.
மேலே போகப் போக, மிச்சக் காற்று வீங்குமாம்.
ஆகவே ஆம்புலன்ஸ், பிறகு வண்டிப் படகு,
சக்காவோ கால்வாயில் அரைமணி நேரம்.
லாரிக்காரர்கள் காபி குடித்தார்கள்.
ஒரு கடல்சிங்கம் தலை தூக்கி
ஒரே ஒரு மூச்சு வாங்கி மூழ்கிப் போனது.
எவ்வளவு அலட்சியம்!

நொல்பெர்த்தோ புட்டியை
முழங்கால்களுக்கிடையே வைத்திருந்தான்.
என் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று
யாரும் இரண்டாம் முறை சொல்லவில்லை.
அவன் சிப்பிக்கு மூழ்குகிறவன்.
படகில் ஓடும் கம்ப்ரஸரிலிருந்து இறங்கும்
மஞ்சள் குழாய்தான் பதினோரு வருடமாக அவன் மூச்சு.
குழாய் மடங்கினால் என்ன ஆகும் என்று
அவனுக்குத் தெரியும்.
வழி முழுக்கப் பேசவில்லை.
கட்டைவிரலால் குழாயைத் தடவித் தடவி
மடிப்பு தேடிக்கொண்டே வந்தான்.

புவெர்த்தோ மோந்த். இரவு.
அவள் நுரையீரலில் தண்ணீர், இருக்க வேண்டியது.
என் நெஞ்சில் காற்று, இருக்கக் கூடாதது.
உயிர் இரண்டு, உழைப்பது ஒரு பக்கம்.
ஒருக்களித்துப் படுத்து
புட்டிநீர் ஒரு விரற்கடை ஏறி, ஒரு விரற்கடை இறங்குவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான்தான் அது.

ஆறாம் நாள் நுரை நின்றது.
நான் மணியை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன்.
ஓடிவந்த பெண் பார்த்துவிட்டு,
"ஓட்டை மூடிக்கொண்டது, தூங்கு" என்றாள்.

பிறகு ஏழு வாரம், மருத்துவமனைக்குப் பின்னால்
பச்சை அடித்த ஒரு விடுதி.
தூக்காதே. பறக்காதே. கடலில் மூழ்காதே.
கடைசியில் முதுகில் ஊசி போட்டு
பக்கத்து அறையில் எல்லாரும் முக்கு முக்கு என்று கத்த,
என்னிடம் மட்டும்:
முக்காதே, தம் கட்டாதே, சும்மா இரு,
நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.
சும்மா இருப்பதுபோல் கஷ்டம் வேறில்லை.
இடுக்கியின் தடம் இரு கன்னத்திலும் சிவக்க
அவள் வந்தாள்.
ஒரு கணம் ஒன்றுமில்லை.
அப்புறம் கத்தினாள் பாருங்கள்,
காற்றை முதல் தடவையிலேயே
சரியான இடத்தில் வைத்துக்கொண்டு.

எனக்கு ஆபரேஷன் மார்ச்சில்.
மறுபடி சுருங்காமல் இருக்க ஒட்டுவார்களாம்.
அதுவரை தினமும் இரவில்
நொல்பெர்த்தோ என் வலது முதுகில் காது வைக்கிறான்.
நேற்று, "ஒரு சத்தமும் இல்லை" என்றான் நிம்மதியாக.
சத்தம்தான் வேண்டும், மடையா.
விளக்கைப் போட்டேன். சட்டையை விலக்கினேன்.
இன்னும் கீழே வை என்றேன்.
வைத்தான். அவன் மூச்சையும் நிறுத்தினான்.
வெகுநேரம் கழித்து,
"கேட்கிறது" என்றான்.